ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி விமான எஞ்சினுக்குப் புகைக்குழாயும் சைலன்சரும் பொருத்தும் முறை

மாதிரி விமானம் கட்டுவோர் பலர், சைலன்சர் பொருத்துவதைக் கடைசி நேரச் சில்லறை வேலையாகக் கருதி, பெட்டியில் வந்ததை வந்தபடியே திருகிவிட்டுப் பறக்கவிடுகிறார்கள். பறப்பின் நடுவே சைலன்சர் கழன்று விழுவதும், எஞ்சினை மூடும் கவுலிங்கின் உட்புறம் கருகுவதும், நேற்றுவரை சீராக ஓடிய எஞ்சின் இன்று காரணமின்றி அணைவதும் பெரும்பாலும் அந்த அவசரத்தின் விளைவுகளே. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் சைலன்சரின் வடிவத்தைவிட, புகைக்குழாய் சிலிண்டர் தலைக்குள் திருகப்படும் அந்த ஒரு மூட்டே அனைத்தையும் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே மற்றவற்றைவிட அதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கு சொல்லப்படுபவை, மெதனோல் கலந்த எரிபொருளில் சூடான கம்பிச்சுருளால் கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக்கின் உதவியோடு ஓடும், ஏறத்தாழ 6.5 சிசி முதல் 15 சிசி வரையான எஞ்சின்களுக்கு உரியவை. பெட்ரோலில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களின் புகை இன்னும் சூடானது என்பதால், அங்கே சிலிக்கன், டெஃப்லான் போன்றவற்றைப் பயன்படுத்தும் இடங்கள் மேலும் குறையும்.

ஒலி எங்கிருந்து வருகிறது

ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் 1976இல் எஃப்.எஸ்-60 என்ற எஞ்சினை வெளியிட்ட நாளிலிருந்தே, ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களின் மென்மையான குரல் அவற்றை விரும்புவதற்கு ஒரு பெரிய காரணமாக இருந்துவருகிறது. நிமிடத்துக்கு 9000 சுற்றுச் சுற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே புகையை வெளியேற்றுவதால், செக்கனுக்கு 75 துடிப்புகளே எழுகின்றன. 12000 சுற்றில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினிலோ அது 200 ஆகிறது. தாழ்ந்த சுருதியை நம் காது குறைவாகவே உணர்வதால், சைலன்சர் இல்லாத ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கூட அருகில் நிற்பவருக்குப் பொறுக்கக்கூடியதாகத் தோன்றும். ஆனால் தாழ்ந்த ஒலியே தொலைவுக்குச் செல்லும் ஒலி. மாலையில் மட்டக்களப்பு வாவியின் நீர்மேல் குளிர்ந்த காற்றுப் படியும்போது ஒலி மேலெழாமல் கீழே வளைந்து நெடுந்தூரம் ஓடுகிறது. வாவியின் கிழக்கே எழுவான்கரையில் இயக்கும் எஞ்சினின் அதிர்வு மேற்கே படுவான்கரை வீட்டு முற்றத்தில் கேட்பது இதனால்தான். படுவான்கரைப் புல்வெளியிலோ சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வெட்டிய வயலிலோ பறக்கவிடுவோர், அங்கே மேயும் மாட்டுப் பட்டிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பறக்கும் இடத்தை ஊர்மக்கள் நமக்கு விட்டுத்தருவதும் மறுப்பதும் ஒலியைப் பொறுத்தே அமைகிறது. பிரித்தானியாவின் மாதிரி விமான ஒலி நெறிமுறை 7 மீற்றர் தூரத்தில் 82 டெசிபல் என்ற எல்லையை வைத்திருக்கிறது. நமக்கும் அதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

சைலன்சர் தடுப்பது புகையின் ஒலியை மட்டுமே. 14 அங்குலப் புரொப்பெல்லர் 9000 சுற்றில் சுழலும்போது அதன் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 168 மீற்றர் வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தில் பாதிக்குக் கிட்டச் செல்கிறது. எனவே ஒலியைக் குறைக்க விரும்புபவர் சைலன்சரை மாற்றும் அதே நாளில், சுற்றைச் சற்றுக் குறைக்கும் புரொப்பெல்லர் ஒன்றையும் பரீட்சித்துப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகைக்குழாயின் நீளம் திறனைக் கூட்டிக் குறைக்கும். குழாயில் திரும்பிவரும் அழுத்த அலை, வெளியேற முயலும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்த வேலையை வால்வு செய்துவிடுகிறது. ஆகவே இங்கே குழாயின் நீளத்தை விமானத்தின் அமைப்புக்கு ஏற்பவே தேர்ந்துகொள்ளலாம். இதனால் எஞ்சின் திறன் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வெளிவாயின் அகலத்தை. 8 மி.மீ. துளையை 6 மி.மீ. ஆகச் சுருக்கினால் பரப்பு 50 சதுர மி.மீ. இலிருந்து 28க்கு இறங்கி, கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. புகை தேங்கி எஞ்சின் சூடேறும். சத்தத்தைக் குறைக்கச் சைலன்சரின் கொள்ளளவைப் பெருக்குங்கள், வாயைச் சுருக்காதீர்கள்.

பொருத்துமுன் அளவெடுத்தல்

எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த நிலையில், குளோ பிளக்கின் மின்னிணைப்பு கழற்றப்பட்ட பின்பே வேலையைத் தொடங்குங்கள். சிலிண்டர் தலையிலுள்ள புகைவாயின் புரியை (திருகு வரையை) வேணியர் இடுக்கியால் அளந்து, புரியிடை அளவியால் புரியிடையையும் (அடுத்தடுத்த புரிகளுக்கிடையிலான தூரத்தையும்) உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தப் புரிகள் பெரும்பாலும் நுண்புரிகள். வன்பொருட் கடையில் கிடைக்கும் சாதாரண நட்டின் புரி இவற்றைவிடப் பெரியது. முதல் ஒன்றரைச் சுற்று உள்ளே போய்விட்டதால் பொருந்திவிட்டது என்று நம்பி ஸ்பனரால் இறுக்கினால், அலுமினியத் தலையின் புரி அழிந்துவிடும். விரலால் மட்டும் சுழற்றி, குறைந்தது நான்கைந்து சுற்று தடையின்றிச் செல்லும் குழாயையே ஏற்றுக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்தின் குழாய் என்றால் இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

அடுத்ததாக எஞ்சினை விமானத்தில் தற்காலிகமாக ஏற்றி, கவுலிங்கைப் போட்டு, சைலன்சர் எங்கே நிற்கும், புகை எந்தத் திசையில் வெளியேறும் என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எரிபொருளில் கலந்திருக்கும் எண்ணெய், பொதுவாக 15 முதல் 20 வீதம், எரியாமலேயே புகையோடு வெளியே வருகிறது. வெளிவாய் கீழ்நோக்கியும் உடற்பகுதியிலிருந்து விலகியும் இருந்தால், பறப்பு முடிந்து துடைக்கும் வேலை பாதியாகக் குறையும். மூட்டுகளுக்குள் எண்ணெய் ஊறிப் பால்சா மரம் பழுதாவதும் தவிர்க்கப்படும்.

தலைக்குள் குழாயைத் திருகுதல்

இந்த மூட்டு ஏன் தளர்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். அலுமினியம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 23 பங்கு விரிகிறது; பித்தளை 19 பங்கும் உருக்கு 12 பங்கும் விரிகின்றன. தலை அலுமினியம்; குழாயோ பெரும்பாலும் உருக்கு அல்லது பித்தளை. அதற்குமேல், ஓடும்போது தலையைவிடக் குழாயே கூடுதலாகச் சூடேறுகிறது. இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து, வெவ்வேறு வேகத்தில் சுருங்குவதால், ஒவ்வொரு பறப்பிலும் புரிகளுக்கிடையிலான பிடி மாறுகிறது. அதன்மேல் ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வும், குழாயின் நுனியில் தொங்கும் சைலன்சரின் எடையும் சேர்கின்றன. இறுக்கத்தை மட்டும் நம்பினால் இந்த மூட்டு ஒருநாள் கட்டாயம் தளரும்.

முதலில் இரு பக்கப் புரிகளையும் பித்தளைத் தூரிகையாலும் மெதனோலாலும் சுத்தம் செய்து நன்கு உலரவிடுங்கள். பழைய கரி ஒரு துணுக்கு இருந்தாலும் புரி சரியாக அமராது. இரண்டாவதாக, லொக் நட்டை (குழாய் சுழலாமல் பூட்டும் நட்டு) குழாயின் புரியில் கடைசிவரை பின்னுக்குத் திருகிவைத்துவிட்டு, குழாயின் புரியில் உயர்வெப்பச் சிலிக்கனை மெல்லிய படலமாகத் தடவுங்கள். மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் கேஸ்கெட் போடுவதற்கென விற்கப்படும் சிவப்பு அல்லது செம்பு நிறச் சிலிக்கன் இதற்குப் போதும். தாங்கும் வெப்பநிலை சிலிக்கன் பொதியின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சாதாரணப் புரிப்பூட்டுப் பசையை இங்கே பயன்படுத்த வேண்டாம். அதன் வழக்கமான வகைகள் 150 முதல் 180 பாகைக்கு மேல் பிடியை இழந்துவிடுகின்றன. நீர்க்குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவும் ஏற்றதல்ல. அது டெஃப்லான், 260 பாகைக்கு மேல் பழுதாகத் தொடங்கும்.

மூன்றாவதாக, குழாயை விரலால் உள்ளே திருகி, புரி முடியும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து, வளைவு நீங்கள் குறித்த திசையைப் பார்க்கும் வரை பின்னோக்கித் திருப்புங்கள். இது ஒரு முழுச் சுற்றைத் தாண்டக்கூடாது. திசை சரிவரவில்லை என்பதற்காக இரண்டு மூன்று சுற்றுப் பின்னுக்கு எடுப்பது புரியின் பிடியைக் குறைத்துவிடும். அப்படி நேர்ந்தால் வளைவு வேறான குழாயைத் தேடுவதே முறை.

நான்காவதாக, குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சரியான அளவுள்ள திறந்தவாய் ஸ்பனரால் லொக் நட்டைத் தலையின் முகத்தோடு இறுக்குங்கள். குழாயைப் பிடிக்கக் குறடு வேண்டாம். மெல்லிய சுவர் நசுங்கும், அல்லது கீறல் விழும், அந்தக் கீறலிலிருந்தே பின்னர் வெடிப்புத் தொடங்கும். தோல்பட்டை ஒன்றைச் சுற்றிப் பிடிப்பதே நல்லது. நீண்ட ஸ்பனரும் தேவையில்லை. நட்டு தலையில் உட்கார்ந்த பின் மேலும் கால் சுற்றுக்குள் நல்ல இறுக்கம் கிடைத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் புரியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள். சைலன்சர் சேரும் மறுமுனையிலும் இதே முறைதான். பின்பு ஒரு முழுநாள் தொடாமல் விட்டுவிடுங்கள். சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்தே இறுகுகிறது, நம் கரையோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

குழாயை நீட்டுவதும் வளைப்பதும்

எஞ்சின் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ பொருத்தப்பட்டிருந்தால் பெட்டியில் வந்த குழாய் பெரும்பாலும் போதாது. வளைந்துகொடுக்கும் நெளிவுக் குழாய்கள் விற்பனைக்கு உண்டு. ஆனால் ஒருமுறை வளைத்து வைத்ததை மீண்டும் மீண்டும் வளைத்தால் நெளிவின் அடியில் வெடிக்கும்.

உள்ளூரில் செய்துகொள்ள விரும்புபவர்களுக்கு மிக எளிதாகக் கிடைப்பது, குளிர்சாதனப்பெட்டியும் ஏசியும் திருத்துபவர்கள் பயன்படுத்தும் மென்மையான செம்புக் குழாய். அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 12.7 மி.மீ., முக்கால்பங்கு மில்லிமீற்றர் அளவில் சுவர்த் தடிப்பு; நடுத்தர எஞ்சின்கள் பலவற்றுக்கு இது போதும். ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, நன்றாக வறுத்து ஆற்றிய நுண்மணலை உள்ளே தட்டித்தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்தபின் வளைத்தால் குழாய் நெளியாது. மணலில் ஈரம் இருக்கவே கூடாது. ஈரமணலோடு அடைக்கப்பட்ட குழாயைச் சூடாக்கினால் நீராவி வெடித்துப் பெருங்காயம் விளைவிக்கும். வளைக்கும்போது செம்பு கடினமாகிவிட்டால், மணலை முற்றாகக் கொட்டிவிட்டு, மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட்டு, மீண்டும் மணல் நிரப்பித் தொடருங்கள்.

புரியுள்ள முனைத்துண்டை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். அதைச் செம்புக் குழாயோடு சேர்ப்பதற்கு ஈய ஒட்டு உதவாது. அது 190 பாகைக்குள் உருகிவிடும், முதல் ஓட்டத்திலேயே குழாய் பிரியும். 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளி ஒட்டுத்தான் வேண்டும். வெண்காரம் இட்டு வெள்ளி ஒட்டு ஓடவிடுவதில் நம் நகைப் பட்டறைக்காரர்களின் கை மிகவும் பழகியது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இந்த வேலையை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோவதைவிட நகைப் பட்டறைக்குக் கொண்டுபோவதையே நான் பரிந்துரைப்பேன். தடித்த இரும்பை ஒட்டிப் பழகியவரின் சுவாலை இந்த மெல்லிய சுவரை ஊடுருவிவிடும்.

குழாய் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு நெம்பு விசை தலையின் புரிமேல் விழுகிறது. சைலன்சர் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போகுமானால் அதற்குத் தனியே ஒரு பிடி கட்டாயம். அந்தப் பிடியை எஞ்சினைத் தாங்கும் மவுண்டிலிருந்தே எடுங்கள், விமானத்தின் உடலிலிருந்து எடுக்காதீர்கள். எஞ்சினும் உடலும் ஒரே விதமாக அதிர்வதில்லை. எஞ்சினோடு திருகப்பட்ட குழாயை உடலோடும் இறுக்கிக் கட்டினால் இரண்டுக்குமிடையே குழாய் ஓயாமல் முறுகி, அதிர்வினால் கடினமாகும் செம்பு விரைவிலேயே வெடித்துவிடும். உடலில் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லையென்றால், பிடிக்கும் வளையத்துக்குள் சிலிக்கன் குழாய்த் துண்டொன்றைச் செருகி அசைய இடம் விடுங்கள். சைலன்சரின் வெளிவாயை நீட்ட டெஃப்லான் அல்லது சிலிக்கன் குழாயைப் பயன்படுத்தலாம், ஆனால் சைலன்சருக்குப் பின்னால் மட்டும். தலைக்கும் சைலன்சருக்கும் நடுவே உலோகமே இருக்க வேண்டும்.

அழுத்தக் குழாயும் மூச்சுக் குழாயும்

சைலன்சரில் சிறு நிப்பிள் ஒன்று இருந்தால், அதிலிருந்து எரிபொருள் தாங்கிக்குச் செல்லும் சிலிக்கன் குழாய் தாங்கிக்குள் மெல்லிய அழுத்தத்தைத் தருகிறது. தாங்கி காலியாகும்போதும் விமானம் மூக்கை உயர்த்தும்போதும் எரிபொருள் ஓட்டம் சீராக இருப்பதற்கு இது பெரிதும் உதவும். நிப்பிளின் துளை கரியால் அடைபட்டால் அழுத்தம் இறங்கி, கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி நிற்கும். எனவே அவ்வப்போது மெல்லிய கம்பியால் அதைத் துளாவிப் பாருங்கள். வை.எஸ். நிறுவனத்தின் எஞ்சின்கள் தாங்கி அழுத்தத்தை எஞ்சினிலிருந்தே எடுத்துக்கொள்வதால் அவற்றுக்குச் சைலன்சர் அழுத்தம் வேண்டியதில்லை.

எரிபொருள் நிரப்புமுன் இந்த அழுத்தக் குழாயைச் சைலன்சரிலிருந்து கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் நிரம்பி வழியும் எரிபொருள் சைலன்சருக்குள் போகும். எஞ்சின் தலைகீழாக இருந்து, புகை வால்வும் திறந்த நிலையில் நின்றால், அது சிலிண்டருக்குள்ளும் இறங்கும். திரவத்தை அமுக்க முடியாது. அந்த நிலையில் மின் ஸ்டார்ட்டரை வைத்துச் சுழற்றினால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். நிரப்பிய பின் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, எங்கும் தடுக்கவில்லை என்று கண்டபின்பே ஸ்டார்ட்டரை எடுங்கள். தடுத்தால் குளோ பிளக்கைக் கழற்றி எரிபொருளை வடியவிடுங்கள்.

எஞ்சினின் அடியிலுள்ள கிராங்க் அறையின் மூச்சுக் குழாய் வேறு, மேலே சொன்ன அழுத்தக் குழாய் வேறு. மூச்சுக் குழாயின் வழியே வரும் எண்ணெய் நீராவியை விமானத்துக்கு வெளியே கொண்டுசெல்லுங்கள். அதை அடைக்கவும் வேண்டாம், சைலன்சரில் சேர்க்கவும் வேண்டாம்.

கவுலிங்குக்குள் வைக்கும்போது

சைலன்சரின் எந்தப் பக்கமும் கவுலிங்கிலிருந்து குறைந்தது 6 மி.மீ. விலகி நிற்கட்டும். காற்று வெளியேறும் திறப்பு, உள்ளே வரும் திறப்பைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். சூடேறிய காற்று விரிவதால் வெளியேற அதற்குக் கூடுதல் இடம் தேவை. மே முதல் ஆகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்றில் இந்தப் பிரதேசம் காயும் காலத்தில், மாரியில் சரியாக ஓடிய அமைப்பே சூடேறி நிற்பதைக் காணலாம். கவுலிங்கின் அடித்திறப்பைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதல் ஓட்டம்

வெளியிடத்தில் மட்டுமே இயக்குங்கள்; புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. மெதனோலின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதால், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். மெதனோல் தண்ணீரோடு கலப்பதால் அந்தத் தீயைத் தண்ணீரே அணைக்கும். சைலன்சர் மாறியதும் தாங்கியின் அழுத்தமும் மாறியிருக்கும், ஆகவே எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் பழைய அமைப்பை நம்பாமல் கலவையைச் செறிவாக வைத்துத் தொடங்குங்கள். பிறகு ஊசியை மெல்ல மூடி உச்சச் சுற்றைக் கண்டு, அங்கிருந்து 200 முதல் 300 சுற்றுக் குறையும்வரை மீண்டும் திறந்துவையுங்கள்.

ஒரு தாங்கி ஓடி முடிந்து, கையால் தொடுமளவுக்கு ஆறியதும் இரண்டு லொக் நட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். சூடேறி ஆறும் முதல் சுற்றில்தான் மூட்டு தன் இடத்தில் அமைகிறது. இந்த இறுக்கலைத் தவிர்ப்பவரின் சைலன்சரே பெரும்பாலும் வயலில் தேடப்படுகிறது. வெள்ளைத் துணியால் மூட்டைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கருமையான எண்ணெய்க் கோடு தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து புதிதாகச் சிலிக்கன் இடுங்கள், மேலே பூசி மூடிவிட வேண்டாம். எஞ்சின் முற்றாகக் குளிர்ந்தபின் வால்வு இடைவெளியையும் ஒருமுறை பாருங்கள். பொதுவான குளோ எஞ்சின்களில் இது 0.04 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கும், உங்கள் எஞ்சினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இறுதியாக விமானத்தின் சமநிலைப் புள்ளியைச் சரிபாருங்கள், புதிய சைலன்சர் மூக்கின் எடையை மாற்றியிருக்கும். மட்டக்களப்பிலும் உகணையிலும் விமானத் தளங்கள் இருப்பதால், அவற்றின் சுற்றுப்புறத்தைத் தவிர்த்து, உரிய அனுமதியோடு பறக்கவிடுங்கள்.

உவர்க்காற்றில் பராமரித்தல்

கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உவர் ஈரத்தில் உருக்கு நட்டும் அலுமினியத் தலையும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, வெண்தூளாகிப் புரியைப் பூட்டிவிடுகிறது. நைட்ரோமெதேன் கலந்த எரிபொருளின் எச்சமும் அமிலத்தன்மை உடையது. பறப்பு முடிந்ததும் தாங்கியைக் காலிசெய்து, எஞ்சினை அணையும்வரை ஓடவிட்டு, எஞ்சினுக்குள் சில துளி பாதுகாப்பு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுங்கள். சைலன்சரின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து எஞ்சிய எண்ணெயும் நீரும் வடியவிடுங்கள். வடகீழ்ப் பருவமழையில் விமானத்தை மாதக்கணக்கில் மூடிவைப்பதானால், அதற்குமுன் குழாயைக் கழற்றிப் புரிகளைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவித் தனியே வையுங்கள்.

பூட்டிக்கொண்ட நட்டைப் பலவந்தமாகத் திருகாதீர்கள். ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓரிரவு ஊறவிட்டு, வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் தலையைச் சூடாக்கினால், உருக்கைவிட அலுமினியம் கூடுதலாக விரிந்து பிடியை விடும். சூடாக்குமுன் எண்ணெயை முழுதாகத் துடைத்துவிடுங்கள். தலையின் புரி ஏற்கெனவே அழிந்திருந்தால், பசை நிரப்பிச் சமாளிக்க முயலாமல், கவனமான லேத் பட்டறை ஒன்றில் துளையைப் பெருப்பித்துப் புரியுள்ள உருக்கு வளையத்தைப் பதிக்கச் சொல்லுங்கள். துளை புகைவாயின் பழைய மையத்திலேயே விழ வேண்டும் என்பதை வேலை தொடங்குமுன் அவரிடம் வலியுறுத்திச் சொல்லுங்கள். மையம் சற்று விலகினாலும் குழாய் சரிந்து நிற்கும், லொக் நட்டு ஒரு பக்கம் மட்டுமே தலையில் உட்காரும்.